பழைய வண்டியின் சேசிஸை வெட்டாதீர்கள்

போன வாரம் ஓசூரில் ஒரு பழைய யெஸ்டி ரோட்கிங் பைக் விற்பனைக்கு வந்தது. பின் மட்கார்டு இல்லை. நீளமான பழைய சீட் இருந்த இடத்தில் பின்பக்கம் திமில் மாதிரி தூக்கிய ஒற்றை சீட். தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில், சைலன்சர் பைப் முழுக்கச் சுற்றிய பட்டைத்துணி, மேட் கறுப்பு பெயின்ட். ‘விண்டேஜ் கஸ்டம் கஃபே ரேஸர்’ என்று போட்டு இரண்டே முக்கால் லட்சம் கேட்டிருந்தார்கள். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் புது யெஸ்டியின் விலையைவிட அது அதிகம். அதற்கும் இரண்டு பேர் பெங்களூரிலிருந்து பார்க்க வந்துவிட்டார்கள்.

பழைய வண்டிக்கு விலை ஏறுவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மாட்டுக்கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டிகளுக்கு மரியாதை வந்திருக்கிறது என்றால் சந்தோஷம்தான். ஆனால் அந்த விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. வெட்டியதற்காகக் கொடுக்கிறோம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு ரோட்கிங்கை, ஆர்.எக்ஸ். 100-ஐ, இரும்பு இன்ஜின் புல்லட்டை வாங்கி, வண்டியின் எலும்புக்கூடான சேசிஸின் பின்பகுதியை கிரைண்டரால் அறுத்து எறிந்தால் கூடுதலாக ஒரு லட்சம் கிடைக்கும் என்று சந்தை சொல்லிக்கொடுக்கிறது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மிச்சம் இருக்கும் வண்டிகளை இது கரைத்துக்கொண்டிருக்கிறது.

கணக்கு எளிமையானது. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் தொடங்கி 1996-ல் மூடியது. ஜாவாவும் யெஸ்டியும் அங்கிருந்துதான் வந்தன. எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985-ல், நின்றதும் அதே 1996-ல்தான். இன்று அந்தப் பெயரில் புதிதாக என்ன வந்தாலும் அந்த வண்டி இனி வராது. இருப்பது இவ்வளவுதான் என்று முடிந்துபோன ஒரு பொருளில் ஒன்றை வெட்டினால், வெட்டாமல் மிஞ்சியதன் விலை ஏறும். அது ஏறியதைக் காட்டி வெட்டிய வண்டிக்காரரும் கூட்டிச் சொல்வார். இந்த ஏணியில் ஏறிக்கொண்டே போகிறோம்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் இந்த வண்டிகளை இருபதாயிரத்துக்குக்கூடக் கேட்பார் இல்லை. பட்டுக்கூடு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தருமபுரி மார்க்கெட்டுக்கு வந்த யெஸ்டிகள் இருந்தன. பால் கேன் மாட்டிய ராஜ்தூத்கள் இருந்தன. டி.என். 29 நம்பரோடு, சொந்தக்காரர் கைப்படக் கழுவித் துடைத்து வைத்திருந்த ஆர்.எக்ஸ்.கள் தெருவுக்கு ஒன்று இருந்தன. இன்று ஒரு நல்ல ஆர்.எக்ஸ். லட்சத்துக்குக் குறைந்து கிடைப்பதில்லை. வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர். அதை தினமும் வேலைக்கு ஓட்டிப் போகக்கூடிய சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு அந்த வண்டி இனி எட்டாது.

கஃபே ரேஸர் என்பதே வெட்டிப் போட்டால்தான் வரும் என்று எப்படியோ ஒரு எண்ணம் பரவிவிட்டது. அதன் வரலாறு அப்படி இல்லை. லண்டனில் நார்த் சர்குலர் ரோட்டில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938-ல் திறந்தது, போரில் குண்டு விழுந்து போய், 1949-ல் மறுபடி கட்டினார்கள். லாரிக்காரர்கள் டீ குடிக்கிற இடம்தான். ஐம்பதுகளில் அங்கே கூடிய தொழிலாளிப் பையன்கள் மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட வேண்டும் என்று தங்கள் வண்டிகளில் கைவைத்தார்கள். ஹேண்டிலை இறக்கினார்கள், கால் வைக்கும் ஸ்டாண்டைப் பின்னால் தள்ளினார்கள், தேவையில்லாத எடையைக் கழற்றினார்கள். காசு அதிகம் உள்ளவன் நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃபிரேமில் டிரையம்ப் இன்ஜினைப் பொருத்தி ட்ரைட்டன் என்று கட்டினான். எல்லாமே வேகத்துக்காகவும் வளைவில் வண்டி நிலையாக நிற்பதற்காகவும் செய்தது. பெரும்பாலும் போல்ட் போட்டு மாட்டியது. திங்கட்கிழமை அதே வண்டியில்தான் வேலைக்குப் போனார்கள்.

இங்கே நடப்பது வேறு. ஒரு யெஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லிவர். நின்றிருக்கும்போது மேலே திருப்பி உதைத்தால் ஸ்டார்ட், கீழே மடக்கினால் கியர். அதனால் காலைப் பின்னால் கொண்டுபோக ரியர்-செட் மாட்டுவது லேசான வேலை இல்லை. பின்னால் போன காலை லிவரோடு இணைக்கும் லிங்க் ராடைக் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். பெரும்பாலான ‘பில்டர்கள்’ அதைத் தொடுவதே இல்லை. ஹேண்டிலை மட்டும் இறக்குகிறார்கள். கால் பழைய இடத்தில் முன்னால் இருக்கிறது, கை தரையைப் பார்க்கக் குனிகிறது. ஓசூரிலிருந்து சூளகிரி போவதற்குள் மணிக்கட்டும் இடுப்பும் விட்டுப்போகும். அதை ஓட்ட முடியாது, படம் எடுக்கலாம்.

ஆர்.எக்ஸ். 100 கதை இன்னும் மோசம். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அந்த லேசான உடம்புதான் அதன் உயிர். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு கார்புரேட்டரில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டுகிறார்கள், ஏனென்றால் சீட்டுக்கடியில் ‘காலியாக’ தெரிய வேண்டும். காற்று அதிகமாகப் போனால் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும். டூ-ஸ்ட்ரோக்கில் சூடு ஏறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு இன்ஜினுக்குத் தானாக ஆயில் விடும் ஆட்டோலூப் பம்பையும் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயிலைக் கண்ணளவுக்குக் கலக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் ஏற்றத்தில் முறுக்கும்போது பின் சக்கரம் லாக் ஆனால் என்ன நடக்கும் என்று லாரிகள் ஓடும் அந்த ரோட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருடமாக டூ-ஸ்ட்ரோக் பார்க்கிறவர். அவர் பட்டறைக்குப் போனால் மேசையில் ஒரு சிலிண்டர் பிளாக் கவிழ்ந்திருக்கும். விரல் நுனியை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவிவிட்டு, “இது இன்னும் ஒரு போர் தாங்கும், அடுத்ததுக்கு லைனர்தான்” என்பார். போர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது, லைனர் என்றால் உள்ளே போடும் புது உறை. அப்புறம்தான் கேஜ் எடுத்து அளப்பார். சேசிஸ் வெட்டுவதைப் பற்றிக் கேட்டேன். “வெட்டறதுக்கு அரை மணி நேரம் தம்பி. வெட்டின இடத்துல பைப்ப வளைச்சு வெல்டு வெச்சா போட்டோல அழகாத்தான் இருக்கும். ஷாக் அப்சார்பர் ரெண்டு பக்கமும் ஒரே அளவுல நிக்குதான்னு யாரு பாக்குறா?” என்றார். அந்த வெல்டைச் சரியாகப் பிடிக்க, சேசிஸைக் கோணாமல் இறுக்கி வைக்கும் ஜிக் வேண்டும். அது நம் ஊரில் எத்தனை பட்டறையில் இருக்கிறது?

அந்த இரண்டே முக்கால் லட்சத்தில் பாய் மாதிரி ஆளுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கிராங்க் பேரிங் மாற்றி, போர் போட்டு, கிளட்ச் பிளேட் மாற்றி, ஒரு இன்ஜினை முழுசாகக் கட்டிக்கொடுத்தால் அவர் வாங்கும் கூலி, அந்த வண்டியின் பெயின்டுக்கும் சீட் தையலுக்கும் ஆன செலவில் பாதிகூட வராது. விலை ஏறுகிறது, ஏறிய காசு தோற்றத்துக்கும் இடையில் நிற்கிறவருக்கும் போகிறது. இன்ஜினைக் கேட்டே கோளாறு சொல்லும் காது உள்ளவர்கள் பத்து வருடத்தில் பட்டறையை மூடிவிட்டால், இந்த வண்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வோம்?

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்குகிற பையன்கள் யாரும் கேட்பதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடம் கொண்டுவந்த திருத்தத்தில், விதியை மீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை நேரில் காட்ட வேண்டும். அங்கே என்ன சொல்வார்கள்?

‘விண்டேஜ்’ என்று போடுகிறார்களே, அதற்கும் விதி இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு, 20,000 ரூபாய் கட்டினால், விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் வண்டி ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய அளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. அறுபதுகளின் ஜாவா ஒன்று உங்களிடம் இருந்தால் அது இன்றைக்கே அந்த வயதைத் தாண்டிவிட்டது. 1985-ல் பதிவான ஆர்.எக்ஸ். 2035-ல் அந்த வயதைத் தொடும். இன்று அதை வெட்டினால் அந்தக் கதவை உங்கள் கையாலேயே அடைக்கிறீர்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவரின் கையில் சட்டப்படி விண்டேஜும் இல்லாத, ரோட்டில் நிம்மதியாக ஓட்டவும் முடியாத ஒன்று நிற்கும்.

“என் வண்டி, என் காசு” என்பார்கள். சரி. கூடாது என்று தடுக்க எனக்கு உரிமை இல்லை, வேண்டாம் என்று கேட்க இருக்கிறது. கஃபே ரேஸர் எனக்கும் பிடிக்கும். குனிந்து உட்கார்ந்து அஞ்செட்டி வளைவுகளில் போகும் சுகம் எனக்கும் தெரியும். அந்த ஆசை இருப்பவருக்கு வழி இல்லாமல் இல்லை. ராயல் என்ஃபீல்டு 2018-லேயே கான்டினென்டல் ஜி.டி. 650-ஐக் கொண்டுவந்துவிட்டது. ஃபேக்டரியிலேயே கிளிப்-ஆன், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட், 648 சிசி இரட்டை சிலிண்டர், முழு ஆர்.சி. விலை மூன்று லட்சத்துக்கு மேல் என்றாலும், வெட்டிய பழைய வண்டிக்குக் கேட்கும் காசோடு ஒப்பிட்டால் பெரிய தூரம் இல்லை. கஃபே ரேஸர் என்றாலே நினைவுக்கு வரும் நார்ட்டன் கம்பெனியை 2020-ல் வாங்கியது ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நம் ஊருக்கு இந்த விஷயத்தில் இப்படி ஒரு உறவே இருக்கிறது.

பழைய வண்டியில்தான் வேண்டும் என்றால் கழற்றி மாட்டக்கூடிய மாற்றத்தோடு நிறுத்துங்கள். தாழ்ந்த ஹேண்டில் போடுங்கள், பழைய ஹேண்டிலைச் சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். ஒற்றை சீட் வேண்டுமா, பழைய போல்ட் ஓட்டைகளிலேயே உட்காரும்படி அடித்தளத் தகடு செய்யச் சொல்லுங்கள். ரியர்-செட் பிராக்கெட் கடைந்து கொடுக்க ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பல் சக்கரமே கடைகிற ஊர் அது. இந்த மாற்றத்துக்கும் ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் நாளைக்கு வேண்டாம் என்றால் ஒரு மாலைக்குள் வண்டி பழையபடி நிற்கும். ஏற்கெனவே துருப்பிடித்து உளுத்துப்போன சேசிஸ், பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது என்றால், அதில் என்ன வேண்டுமானாலும் கட்டுங்கள், காட்சிக்கு வையுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை பக்கம் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி நிற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புரோக்கர் வீட்டு வாசலுக்கு வந்து ரொக்கத்தைக் காட்டியதும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் டிரங்குப் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வண்டி தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு ஆயில் விட்டு, இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அப்புறமும் விற்கத்தான் வேண்டும் என்றால், வாங்க வருகிறவரிடம் இதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பத்தாயிரம் குறைத்துக் கேட்டாலும் அப்படியே ஓட்டுகிறவருக்குக் கொடுங்கள்.