அழிக்கிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

யாரைக் கேட்டு அழித்தீர்கள்? 2004, 2005 வாக்கில் எழுத வந்த பதிவர்கள் பலரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று நெஞ்சு கொதிக்கிறது. பழைய முகவரியைத் தட்டினால் 'இந்த வலைப்பதிவு அகற்றப்பட்டது' என்று ஒற்றை வரி வந்து நிற்கிறது. அவ்வளவுதான். ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் சின்ன வயசுல எழுதின மொக்கைங்க. ஆபீஸ்ல யாராவது பார்த்தா அசிங்கம்" என்றார்.

உங்கள் இடுகை உங்களுடையது, சரி. அதன் கீழே இருந்த பின்னூட்டங்கள் யாருடையவை?

அன்றைக்குத் தமிழில் நாலு வரி எழுதுவதே பெரிய பாடு. பிரவுசிங் சென்டர் கணினியில் தமிழில் தட்டச்ச உதவும் இ-கலப்பை மென்பொருள் இருக்காது. நிறுவப் போனால் கடைக்காரர் முறைப்பார். வேறு பக்கத்தில் தட்டி, வெட்டிக்கொண்டு வந்து ஒட்ட வேண்டும். எழுத்து கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். மணிக்கணக்குக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையும் தாண்டி முகம் தெரியாத ஒருவருக்குப் பதில் எழுதினோம்.

ஒரு வளைகுடா நண்பர் அறையில் ரசம் வைத்துச் சொதப்பியதை எழுதியிருந்தார். நுரை கட்டினதும் இறக்கிடணும், கொதிக்க விட்டா போச்சு என்று டொராண்டோவிலிருந்து ஓர் அக்கா எழுதினார். பருப்புத் தண்ணி ஊத்தணுமா கூடாதா என்று திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டினார்கள். பதில் விழ விழ அந்த இடுகை, தமிழ்ப் பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தின் மறுமொழிப் பட்டியலில் மறுபடி மேலே வரும், புதிதாக நாலு பேர் உள்ளே வருவார்கள். நடுவில் அந்த நண்பர், "வீட்டு ஞாபகம் வந்துடுச்சு" என்று ஒரு வரி போட்டார். சண்டை அப்படியே நின்றுபோய், எல்லாரும் அவரை விசாரிக்க ஆரம்பித்தார்கள். இதுவா மொக்கை?

இணையச் சேவைகளே கடையை மூடியதால் போனவை தனிக்கதை. இலவசமாக இணையப் பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் போனது, நட்பு வட்டத் தளமான ஆர்குட் 2014இல் போனது. நாங்கள் பதிவு வைத்திருந்த பிளாகர் சேவையில் 2004 வரைக்கும் பின்னூட்ட வசதியே கிடையாது. வெளிச் சேவைகளைக் கொண்டுவந்து ஒட்டவைத்திருந்தோம். அவை மூடப்பட்டபோது இடுகை மட்டும் நின்றது, பேச்சு போய்விட்டது. அதிலாவது முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லையே!

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தில் தேடிப்பார் என்று சொல்லாதீர்கள். தேடினேன். முகப்புப் பக்கம் இருக்கிறது, 'பின்னூட்டங்கள் (43)' என்று எண்ணிக்கை தெரிகிறது, தட்டினால் ஒன்றும் இல்லை.

என் ஆத்திரத்துக்குக் காரணம் ஒரே ஒருவர். அவர் தனக்கென்று பதிவு வைத்துக்கொள்ளவே இல்லை. ஊரார் பதிவுகளிலெல்லாம் போய்ப் பத்தி பத்தியாகப் பதில் எழுதுவார். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வேலை போய் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் அவருக்கு நினைவிருக்கும். எழுத்துப்பிழையைத் தனி மடலில்தான் சொல்வார், சபையில் சொல்ல மாட்டார். அவர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் எழுதியதெல்லாம் உங்கள் பக்கங்களில்தான் இருந்தது. உங்கள் கூச்சத்துக்காக அவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள்.

பக்கத்தைப் பூட்டி வைக்க வசதி இருந்தது. மொத்தத்தையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறவர்கள் இப்போதே இறக்கி வையுங்கள். அழித்தே தீருவேன் என்றால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், நாங்கள் வந்து எங்கள் ஆட்களின் பேச்சை எடுத்துக்கொண்டு போகிறோம்.