மூன்றாவது மாடித் தொகுதி

(பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர், அப்போதுதான் போனில் பேசி முடித்த ஒரு பெண். பக்கத்தில் நான்.)

பெரியவர்: எந்தக் கட்சிம்மா?

பெண்: என்ன சார்?

பெரியவர்: இப்போது போனில் சொன்னீர்களே, "இன்றைக்கும் சீட் இல்லை, நின்றதுதான் மிச்சம்" என்று. அதுதான் கேட்டேன். தொகுதி எது?

பெண்: மூன்றாவது மாடி சார். காட்டன் சேலை.

பெரியவர்: சேலை சின்னமா? பெண்கள் ஓட்டு அப்படியே விழுமே! எத்தனை தடவை நின்றிருக்கிறீர்கள்?

பெண்: தடவையா? தினமும்தான். காலை 9:30-க்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி 9:30 வரைக்கும். 11 வருடம் ஆகிறது.

பெரியவர்: 11 வருடமா! தனியாகவா நிற்கிறீர்கள்?

பெண்: ஆறு பேர் சேர்ந்துதான் நிற்கிறோம்.

பெரியவர்: கூட்டணி! சரி, தலைமை என்ன சொல்கிறது?

பெண்: தலைமை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர்: எல்லாக் கட்சியிலும் அதே கதைதான். மக்கள் ஆதரவு எப்படி?

பெண்: 40 சேலையைப் பிரிக்கச் சொல்வார்கள். வேறு கலர் கேட்பார்கள். அப்புறம் "யோசித்துவிட்டு வருகிறோம்" என்று போய்விடுவார்கள்.

பெரியவர்: வாக்காளர் புத்தியே அதுதானம்மா.

பெண்: சார், நான் துணிக்கடையில் சேல்ஸ் பார்க்கிறேன். சீட் என்றால் உட்காருகிற சீட். ஸ்டூல்.

பெரியவர்: ஓ... வெறும் ஸ்டூலா?

பெண்: வெறும் ஸ்டூல்தான். அதற்கே சட்டசபை வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2018-ல் கேரளாவில் கொண்டுவந்தார்கள், அங்கே கடைப் பெண்கள் போராடி வாங்கியது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் மசோதா வந்தது. கடைகள் சட்டம் 1947-லேயே இருக்கிறது சார். அதில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று எழுத 74 வருடம் ஆயிற்று.

பெரியவர்: அதுதான் எழுதிவிட்டார்களே, உட்கார வேண்டியதுதானே?

பெண்: வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று இருக்கிறது. ஸ்டூல் வந்துவிட்டது, வாய்ப்புதான் வரவில்லை.

பெரியவர்: ஸ்டூல் எங்கே இருக்கிறது?

பெண்: அங்கேயேதான். அதிகாரி வருகிற அன்று நாங்கள் உட்காருவோம். மற்ற நாளில் அட்டைப்பெட்டி உட்காரும்.

பெரியவர்: கூட்டம் இல்லாத நேரத்திலுமா?

பெண்: அப்போது உட்கார்ந்தால், "நீங்கள் உட்காருவதால்தான் கூட்டம் வரவில்லை" என்கிறார் சூப்பர்வைசர். ஆளே இல்லாத மாடியில் ஆறு பேர் பொம்மைகளோடு நிற்கிறோம். பொம்மைக்காவது முட்டுக் கொடுக்கக் கம்பி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர்: கோபப்படாதீர்கள். வியாபாரம் நடக்கிற இடத்தில் உட்கார்ந்தே இருந்தால் லட்சுமி வரமாட்டாள் என்று பெரியவர்கள்...

பெண்: கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் மாட்டியிருக்கிறார்கள் சார். தாமரையில் நன்றாக உட்கார்ந்துதான் இருக்கிறாள். அவளை யாரும் எழுப்பிவிடவில்லை.

பெரியவர்: நானும் 34 வருடம் ஆபீஸில் குப்பை கொட்டியவன்தான். உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போய்விட்டது.

பெண்: அதில் பாதியை எனக்குக் கொடுத்திருக்கலாம். எனக்கு நின்று நின்றே காலில் நரம்பு சுருண்டுவிட்டது. காலைத் தூக்கி வைத்து உட்காரச் சொல்கிறார் டாக்டர். உட்கார ஒன்று, கால் வைக்க ஒன்று, ஆக இரண்டு ஸ்டூல். இரண்டாவதற்கு இன்னொரு மசோதா வரவேண்டும்.

பெரியவர்: எல்லாம் சரிதான். ஆனால் நாம் கடைக்குள் நுழையும்போது அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால் ஒரு மாதிரி... நம்மை மதிக்காத மாதிரி இருக்கிறதே.

பெண்: பேங்க் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பார்த்தால்?

பெரியவர்: அவர் ஆபீஸர் அம்மா.

பெண்: ம்.

பெரியவர்: ஒரு தடவை மேனேஜரைக் கூப்பிட்டே சொல்லிவிட்டேன், அந்தப் பெண்ணுக்கு மரியாதை தெரியவில்லை என்று. சும்மா, சாதாரணமாகத்தான் சொன்னேன்.

பெண்: உங்களுக்குச் சாதாரணம். அவளுக்கு அரை நாள் சம்பளம்.

(பெரியவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற நானும் பார்த்தேன். நான்கூட என்றைக்கோ யாரிடமோ அப்படிச் சொல்லியிருப்பேனோ என்று ஒரு சந்தேகம். கடைசியில் பஸ் வந்தது, நிறைமாதமாக.)

பெரியவர்: கவலைப்படாதீர்கள். 11 வருட அநியாயம் இன்றோடு தீர்ந்தது! உங்களுக்கு நான் சீட் பிடித்துத் தருகிறேன், பாருங்கள்.

(ஜன்னல் வழியாகத் துண்டு பறந்தது. இருவரும் முண்டியடித்து ஏறினார்கள்.)

பெரியவர்: ஒரு சீட்தானம்மா கிடைத்தது. எனக்கு இடுப்பு வேறு... உங்களுக்கு நின்று பழக்கம்தானே?

பெண்: உட்காருங்கள் சார். ஜெயித்த பிறகு எல்லாரும் இப்படித்தான்.