கீபோர்டைக் கை மாற்றுங்கள்

ஆபீஸ் லைனில் ஒருத்தரே கீபோர்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் எதற்கு என்று நேற்று ராத்திரி நாலு வரி போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, யாரைச் சொல்கிறாய் என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். ஆளைச் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சாஃப்ட்வேரில் சில பில்களுக்குத் தேதி தப்பாக விழுந்தது. ஏன் என்று தேட ஏழு பேர் லைனில் இருந்தோம். ஒருத்தர் ஸ்கிரீன் ஷேர் போட்டார். இரண்டே முக்கால் மணி நேரம் அவரே தேடினார், அவரே டைப் செய்தார், அவரே பேசினார். தேதி தப்பிய பில் எல்லாமே நள்ளிரவு 12-லிருந்து காலை 5.30-க்குள் போட்டவை. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் ஐந்தரை மணி முன்னால், அதனால்தான் முந்தின நாள் தேதி விழுகிறது என்று இருபதாவது நிமிஷமே சாட்டில் எழுதினேன். யாரும் படிக்கவில்லை. வாய் திறந்தேன், "ஒரு நிமிஷம்" என்றார். அந்த நிமிஷம் முடியவே இல்லை. கடைசியில் அதே காரணத்தை அவரே கண்டுபிடித்துவிட்டு, "பாளையங்கோட்டை சத்தமே இல்லையே, தூங்கியாச்சா?" என்று என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருத்தர் வேலை செய்ய ஆறு பேர் பார்த்துக்கொண்டிருப்பது சேர்ந்து வேலை செய்வது ஆகாது. 1990களில் கென்ட் பெக் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் எழுதும் முறையை முன்வைத்தபோதே இருவர் சேர்ந்து எழுதுவது அதில் ஒரு முக்கியப் பழக்கம். கீபோர்டில் இருப்பவர் டிரைவர், வழி பார்ப்பவர் நேவிகேட்டர், இருவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். கலிஃபோர்னியாவில் வுடி சூயில் என்ற மென்பொருள்காரரின் குழு இதையே முழு டீமுக்கும் விரித்தது. டைமர் அடித்ததும் கீபோர்டு அடுத்தவர் கைக்குப் போகும். ஆன்லைனிலும் முடியும். செய்தவரை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் (பிராஞ்ச்) ஏற்றிவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொண்டு தன் ஸ்கிரீனைக் காட்டலாம்.

பத்தமடையில் பெரியம்மா வீட்டில் பாய் நெய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெரியம்மா கோரையை நெருக்கும் அச்சை அடிக்க, சித்தி நீளக் குச்சியில் கோரையைக் கோத்து உள்ளே விடுவாள். நிறம் மாறிவிட்டால் சித்திதான் "நில்லுக்கா" என்பாள். வயதில் இளையவள். ஆனாலும் அச்சு அப்படியே நிற்கும்.

மாற்றி மாற்றிக் கொடுத்தால் நேரம் போகும் என்பீர்கள். நேற்று போன நேரம் யார் கணக்கு? இரண்டு சம்பளம், ஒரு வேலை என்பவர்களுக்கு: அலிஸ்டர் காக்பர்ன், லாரி வில்லியம்ஸ் என்ற மென்பொருள் ஆய்வாளர்கள் 2000-இல் எழுதிய ஆய்வில், தனியாக எழுதிய மாணவர்களைவிட மாணவ ஜோடிகளுக்கு மொத்த உழைப்பு சுமார் 15 சதவீதம்தான் கூடியது, பிழைகளும் குறைந்தன. நெட் கட்டாகிறதா, சரி, அவர் முறையை அடுத்தவர் எடுக்கட்டும். தனியாக யோசிக்கத்தான் பிடிக்கும் என்பவர்களும் உண்டு, அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

"நீ சத்தமாகப் பேசியிருக்கலாமே" என்கிறார்கள். அதுதான் வலிக்கிறது. சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்கில் "அங்ஙன பாருங்க, லாக்கில் இருக்கு" என்றேன். லாக் என்பது சர்வர் தானே எழுதி வைக்கும் குறிப்பு; அங்ஙன என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் அங்கே. லாக்கை யாரும் பார்க்கவில்லை. அந்த "அங்ஙன"வை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்துதான் நான் சாட்டில் எழுதுகிறேன். திருநெல்வேலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் எனக்குக் கண் தெரியாமல் போய்விடுமா?

நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி லைன். முதல் பத்து நிமிஷம் கீபோர்டு எனக்கு வேண்டும் என்று குரூப்பில் கேட்டிருக்கிறேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இன்னும் யாரும் பதில் போடவில்லை.