புகார் கொடுக்க பெத்தவங்களா இருக்கணும்னு இல்லை

"குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தா பெத்தவங்கதான் புகார் கொடுக்கணும், அடுத்தவர் தலையிட்டா அவர் மேலயே கேஸ் திரும்பும்"னு மேலே ஒருத்தர் எழுதியிருக்கார். தப்புங்க. 2012 போக்சோ சட்டம் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்குற சட்டம்) 19-வது பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாகணும். மறைச்சா 21-வது பிரிவுல 6 மாசம் வரை ஜெயில், இல்ல அபராதம், ரெண்டும்கூட வரலாம். நல்லெண்ணத்தோட சொன்னவர் மேல வழக்குப் போட முடியாது.

புள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போகவும் வேண்டாம். வாக்குமூலத்தை வீட்டிலயே வாங்கலாம், முடிஞ்சவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, காக்கிச் சட்டை போடாம வரணும். (எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடக்குதான்னு கேட்டா, அது வேற சண்டை.)

குழந்தையோட பேர், போட்டோ மட்டுமில்ல, ஸ்கூல் பேரைக்கூட வெளியிடக் கூடாது. மேலே ஒருத்தர் பாதிக்கப்பட்ட குழந்தையோட ஸ்கூல் பேரைப் போட்டிருக்கார், முதல்ல அதை அழிங்க. உதவிக்கு குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098, கட்டணம் கிடையாது.