பரம்பரையைத் திட்டுமுன் உப்பு ஜாடியைப் பாருங்க

"அப்பனுக்கே கணக்கு வராது, புள்ளைக்கு எங்க வரும்?" பரீட்சை ரிசல்ட் வந்தால் திருநெல்வேலிச் சீமையில் கேட்கிற பேச்சு. படித்தவர்கள் எண்ணும் சொல்வார்கள்: வளர்ந்தவர்களின் ஐ.க்யூ. (அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்) வித்தியாசத்தில் 50 முதல் 80 சதவீதம் மரபணுவாம். அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தின் கணக்கு. உங்கள் பிள்ளையின் மூளைக்குப் போட்ட பாகப்பிரிவினை இல்லை. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். 2003இல் உளவியலாளர் டர்க்ஹைமரின் குழு அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரை ஆராய்ந்தது. ஏழைக் குடும்பங்களில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ பூஜ்யம், வீட்டுச் சூழலின் பங்கு சுமார் 60 சதவீதம்.

தைராய்டைப் பாருங்கள். கழுத்தில் உள்ள இந்தச் சுரப்பியின் ஹார்மோன் இல்லாமல் பிள்ளையின் மூளை சரியாக வளராது. பிறவித் தைராய்டு குறையில் ஒரு வகை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் வருவது. அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டுகிற நமக்கு இதில் ஆபத்து கூடுதல். ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு குதிகாலில் குத்தி ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்த்து, இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கினால் பிள்ளை மற்றவர்களைப் போலவே படிக்கும். மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுங்கள். இரும்பு, கால்சியம் மருந்தோடு சேர்க்காதீர்கள், உடம்பில் சேராது.

மரபணு நன்றாக இருந்தும் மூளை மந்தமாக, அயோடின் இல்லாத உப்பு போதும். கருவுக்கு முதல் மூன்று மாதம் தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான்; அதற்கு அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம், மற்ற பெரியவர்களுக்கு 150. கடையில் வாங்கும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இங்கேதான் வேடிக்கை. தூத்துக்குடி உப்பு ஊரெல்லாம் போகிறது. நாமோ உப்பளத்துக் கல் உப்பை அப்படியே அள்ளிவந்து குழம்பில் போடுகிறோம். "கடல் உப்புல இல்லாத அயோடினா?" இல்லை அண்ணாச்சி, பாத்தியில் விளையும் உப்பில் அது பெயருக்குத்தான் இருக்கும். அயோடின் சேர்த்த கல் உப்பிலும் மருந்து மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். கழுவினால் போச்சு, ஈரம் பட்டு நீர்விட்டால் அடியில் இறங்கிவிடும்.

பாக்கெட்டில் அயோடின் முத்திரையும் தேதியும் பார்த்து வாங்குங்கள். மூடி போட்ட ஜாடியில், அடுப்படி வெக்கையும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். சொதியோ சாம்பாரோ, இறக்கும்போது போடுங்கள். அயோடின் வேண்டும் என்று உப்பைக் கூட்டாதீர்கள். ரத்தக் கொதிப்பு வரும். ஏற்கெனவே தைராய்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பம் உறுதியாகி ஆஸ்பத்திரியில் பதியும் நேரத்துக்குள் முக்கியமான வாரங்கள் ஓடிவிடும். கல்யாணமான வீட்டில் அன்றைக்கே உப்பை மாற்றிவிடுங்கள்.