மேனர்ஸ் என்றால் மரியாதை மட்டுமா?

மேனர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மரியாதை' என்று உங்கள் கட்டுரையில் பொருள் தந்திருக்கிறீர்கள், அது பாதிதான். மரியாதை ஆளைப் பார்த்து வருவது: வயது, பதவி, உறவு. மேனர்ஸ் யாரிடமும் காட்ட வேண்டியது. அதற்கு நெருங்கிய சொல் இங்கிதம். கல்யாணப் பந்தியில் ஒருவர் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்கு இடம் போடுகிறார்களே, அங்கே 'வாங்க, போங்க' எல்லாம் சரியாகத்தான் இருக்கும், இங்கிதம்தான் இருக்காது. நாலடி தள்ளி, அவர் கண்ணில் படாமல் நின்றால் மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிடுவார். குறள் 580-இல் 'நாகரிகம்' என்ற சொல் வருவதும், பிறர்மேல் இரக்கம் காட்டுவதைச் சொல்லும் 'கண்ணோட்டம்' அதிகாரத்தில்தான்.

இன்னொன்று, கடைசி 'ஸ்' முக்கியம். ஆங்கிலத்தில் மேனர் என்றால் விதம், ஒருவர் நடந்துகொள்ளும் தோரணை. பன்மையில் மேனர்ஸ் என்றால்தான் இங்கிதமான நடத்தை. அந்தப் பொருளில் 'பேட் மேனர்' என்று எழுதியிருப்பதைத் திருத்திவிடுங்கள்.