உத்திரமேரூரில் நடந்தது வாக்கெடுப்பு அல்ல

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்த ஊரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) உள்ளன. அவை சொல்வது, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குலுக்கல் முறை. 30 குடும்புகளிலும் (ஊரின் வட்டங்கள்) தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். அந்தத் தகுதியும் எல்லோருக்கும் எட்டியதல்ல: வரி செலுத்தும் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேத அறிவு. அது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அங்கே இடமில்லை.

ஏரிக்கென்றே தனி வாரியம், கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தடை: உண்மையான பெருமை இதிலேயே நிறைய இருக்கிறது.